தந்திக் கருவிகளுக்குப் புதிய அறை இசை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோவிலோ கிட்டாரிலோ கணினியிலோ இசை அமைத்துப் பழகியவர்கள், முதன்முறையாக ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) எழுத உட்காரும்போது என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நானும் அப்படி வந்தவன்தான். அதனால் சில பதில்களில் என் சொந்த அசட்டுத்தனங்களும் கலந்திருக்கும்.

அறை இசை என்றால் சின்ன ஆர்கெஸ்ட்ராதானே?

அப்படி நினைத்து எழுதினால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஆர்கெஸ்ட்ராவில் ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து வாசிக்கும். ஒருவர் வில்லைத் திருப்பும் சத்தம் மற்றவர்கள் வாசிப்பில் மறைந்துபோகும். அறை இசையில் ஒரு வரிக்கு ஒரே ஆள், நடத்துநரும் கிடையாது. முதல் வயலின்காரர் மூக்கால் இழுக்கும் ஒரு மூச்சுதான் 'தொடங்கு' என்பதற்கான சைகை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு மனிதர் தனியாகப் பொறுப்பேற்கிறார். அவருக்கு அது வாசிக்கத் தகுந்ததாக இருக்கிறதா என்பதைத்தான் நான் கடைசிவரை பார்ப்பேன்.

எந்தக் கூட்டணிக்கு எழுதலாம்? குவார்டெட்தான் எழுத வேண்டுமா?

யார் வாசிக்கப் போகிறார்களோ அவர்களுக்கு எழுதுங்கள். ஹைடன் 1750-களில் ஒரு பிரபுவின் வீட்டுக்கு அழைக்கப்பட்டபோது அங்கே இருந்தவர்கள் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அவர்களுக்காக எழுதப் போய்த்தான் அவருடைய முதல் குவார்டெட்டுகள் பிறந்தன. கையில் இருந்த ஆட்களே வடிவத்தைத் தீர்மானித்தார்கள்.

ஐந்தாவது ஆள் கிடைத்தால் யாரைச் சேர்ப்பது என்பது சுவையான கேள்வி. மொசார்ட் இரண்டாவது வியோலாவைச் சேர்த்தார், நடுப்பகுதி தடித்தது. ஷூபர்ட் 1828-இல் இரண்டாவது செல்லோவைச் சேர்த்தார். ஒரு செல்லோ அடியைத் தாங்க, இன்னொன்று மேலே ஏறிப் பாடத் தொடங்கியது. ஒரே ஓர் ஆளை மாற்றினால் இசையின் எடை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

முதன்முறை எழுதுபவர்களுக்கு என் தனிப்பட்ட சிபாரிசு வயலினும் செல்லோவும் மட்டும் கொண்ட டுயட். இரண்டே வரிகள் என்பதால் ஒளிந்துகொள்ள இடமே இல்லை, பிழை உடனே கேட்கும்.

எனக்கு வயலின் வாசிக்கத் தெரியாது. எழுத முடியுமா?

முடியும். ஆனால் ஒரு வாரத்துக்காவது ஒரு வயலினை இரவல் வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கக் கற்றுக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. நான்கு விரல்களையும் ஒரு தந்தியில் வைத்துப் பாருங்கள்: முதல் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எவ்வளவு தூரம்? சுண்டுவிரல் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது? வில்லை ஒரு தந்தியிலிருந்து பக்கத்துத் தந்தியைத் தாண்டி மூன்றாவது தந்திக்குக் கொண்டுபோக முழங்கை எவ்வளவு உயர வேண்டியிருக்கிறது? பெரிய பாடப்புத்தகம் இருபது பக்கத்தில் சொல்வதைக் கை அரை மணி நேரத்தில் சொல்லிவிடும்.

ஒவ்வொரு கருவியின் எல்லை என்ன?

திறந்த தந்திகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கீழிருந்து மேலாக, வயலினுக்கு ஜி, டி, ஏ, ஈ. வியோலாவுக்கு சி, ஜி, டி, ஏ. செல்லோவுக்கும் அதே நான்கு பெயர்கள், ஒரு ஸ்தாயி கீழே. வயலினின் அடி எல்லை நடு 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி'. அதற்குக் கீழே வயலினில் ஒன்றுமே இல்லை. இது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்போம். வேகமாக எழுதும்போது இரண்டாம் வயலினுக்கு ஒரு 'எஃப்' எழுதிவிட்டு, ஒத்திகையில் அவர் கேள்விக்குறியோடு நிமிரும்போதுதான் நினைவு வரும்.

மேல் எல்லையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அது வாசிப்பவரின் திறமையைப் பொறுத்தது. அதைவிட முக்கியமானது, ஒரே ஸ்வரம் எந்தத் தந்தியில் ஒலிக்கிறது என்பது. வயலினின் 'ஜி' தந்தியில் மேலே ஏறிப் போய் வாசிக்கும் 'டி', திறந்த 'டி' தந்தியின் அதே ஸ்வரம்தான். ஆனால் முதலாவது தொண்டை அடைத்துப் பேசுவதுபோல் இருக்கும், இரண்டாவது ஜன்னலைத் திறந்ததுபோல். எது வேண்டும் என்று தாளில் குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் வாசிப்பவர் எது வசதியோ அதையே செய்வார், அதில் தப்பும் இல்லை.

செல்லோவின் 'ஏ' தந்தி மேலே ஏற ஏற எல்லோரையும் தாண்டி வெளியே வரும். வியோலா அப்படி அடித்துக்கொண்டு வராது. அதற்கு ஒரு மெட்டுக் கொடுத்தால் மற்ற மூவரும் அந்த ஸ்தாயியிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று ஸ்வரங்களை எழுதலாமா?

இரண்டு சரி, ஆனால் அவை அடுத்தடுத்த இரண்டு தந்திகளில் விழ வேண்டும். கணினியில் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடம் இது. வயலினுக்கு நடு 'சி'யையும் அதற்குக் கீழே உள்ள 'ஏ'யையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். தாளில் அழகான சின்ன மூன்றாம் இடைவெளி, ஆங்கிலத்தில் மைனர் தேர்ட். கணினி சிரமமே இல்லாமல் வாசித்துக் காட்டும். ஆனால் அடுத்த தந்தியான 'டி' இந்த இரண்டுக்குமே மேலே தொடங்குகிறது. ஆகவே இரண்டு ஸ்வரங்களும் 'ஜி' தந்தியில் மட்டுமே கிடைக்கும், ஒரு தந்தியோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும். 'சி'யை இரண்டாம் வயலினுக்கும் 'ஏ'யை வியோலாவுக்கும் பிரித்துக் கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

ஆறாம் இடைவெளிகள் வயலினில் கைக்கு இதமாக விழும். ஐந்தாம் இடைவெளி பார்வைக்குச் சுலபம், வாசிக்கத் தொல்லை: ஒரே விரல் இரண்டு தந்திகளையும் சேர்த்து அழுத்த வேண்டும், சுருதி கொஞ்சம் பிசகினாலும் பல் கூசும்.

மூன்று, நான்கு ஸ்வரக் கொத்துகளை எழுதலாம். ஆனால் தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவாக இருப்பதால் வில் நான்கு தந்திகளையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தாது. கீழ் இரண்டு முதலில், மேல் இரண்டு அடுத்து என்று உருண்டுதான் வரும். அந்த உருளலுக்கு ஒரு நேரம் பிடிக்கும். வேகமான பகுதியில் வரிசையாக ஆறு கொத்துகள் எழுதினால் வயலின் விறகு வெட்டும்.

வில் குறிகளை நான் போட வேண்டுமா, வாசிப்பவர்களே போட்டுக்கொள்வார்களா?

கீழ்வில், மேல்வில் என்ற குறிகளில் பெரும்பாலானவற்றை அவர்களிடமே விட்டுவிடலாம். உங்கள் கையில் இருப்பது இணைப்புக் கோடு, ஆங்கிலத்தில் ஸ்லர் என்பது. பியானோவில் அந்தக் கோடு 'இது ஒரு வாக்கியம்' என்று சொல்கிறது. தந்திக் கருவியில் 'இதையெல்லாம் ஒரே வில்லில் வாசி' என்று சொல்கிறது. வேறுபாடு தெரியாமல் எழுதியவன் நான்.

என் முதல் குவார்டெட்டில் செல்லோவுக்கு ஆறு பார் (தாளக் கட்டம்) நீளத்துக்கு ஒரே ஸ்வரம், மேலே ஒரே கோடு, கீழே 'ஃபோர்டே', அதாவது உரக்க. மெட்ரோனோம் 60, அதாவது நிமிடத்துக்கு 60 அடி; பாருக்கு நான்கு அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருபத்து நான்கு விநாடி. செல்லோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எழுதியபடியே பலமாக இழுத்தார். இரண்டாவது பார் முடிவதற்குள் வில் நுனிக்கு வந்துவிட்டது. அப்படியே கையை நிறுத்தி, வில் நுனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மற்ற மூவரும் தத்தம் இசைத்தாளைத் தீவிரமாகப் படிக்கத் தொடங்கினார்கள்.

வயலின் வில்லில் முடியின் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். செல்லோ வில் அதைவிடக் கொஞ்சம் குட்டை, தந்தியோ தடிமன். அதனால் செல்லோவுக்கு வில் இன்னும் சீக்கிரம் தீரும். மெல்லிய ஒலியில் வில்லை ஊர்ந்து இழுத்து நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கலாம். உரத்த ஒலிக்கு வில் வேகமாகவோ கனமாகவோ போக வேண்டும், நாலைந்து விநாடியில் இருப்புத் தீர்ந்துவிடும். மெல்லத் தொடங்கிப் பெரிதாக முடியும் நீண்ட ஸ்வரம் எழுதினால், வாசிப்பவர் கஞ்சத்தனமாகத் தொடங்கிக் கடைசிக்கு வில்லைச் சேமித்து வைப்பார். அதையும் ஒரு சுவையாகப் பயன்படுத்தலாம்.

இன்னொன்று. கைப்பிடிப் பக்கம் எடை அதிகம், நுனியில் குறைவு. ஆகவே கீழ்வில் இயல்பாகவே அழுத்தமாகத் தொடங்கித் தேயும், மேல்வில் வளரும். உங்கள் மெட்டில் அழுத்தம் விழும் அடி கீழ்வில்லில் வருகிறதா என்று காற்றில் கையை ஆட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது செய்வது நல்லது.

பிட்சிகாட்டோ, மியூட், ஹார்மோனிக்ஸ் என்று எவ்வளவு சேர்க்கலாம்?

ஒவ்வொன்றுக்கும் நேரச் செலவு உண்டு. அதைக் கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லிலிருந்து பிட்சிகாட்டோவுக்கு, அதாவது விரலால் சுண்டுவதற்கு மாறும் முன்பு மேல்வில்லில் முடித்தால் கை ஏற்கெனவே தந்திக்கு அருகில் இருக்கும். கீழ்வில்லில் முடித்தால் தூரத்தில் இருக்கும். ஒலியை மங்கவைக்கும் மியூட்டைக் குதிரையில் மாட்டச் சில விநாடி ஓய்வு வேண்டும். நால்வரும் ஒரே பாரில் மாட்டினால் இசை நின்றுபோகும். ஒவ்வொருவராக மாட்டவிட்டால் கேட்பவர் அறியாமலே ஒலி மங்கும்.

தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் மெல்லிய உயர் ஒலிதான் ஹார்மோனிக்ஸ். செயற்கை ஹார்மோனிக்ஸை எழுதும் முறை எளிது: ஒரு விரல் அழுத்தும் ஸ்வரம், அதற்கு நாலாம் இடைவெளியில் இன்னொரு விரல் லேசாகத் தொடும் இடம். ஒலிப்பது அழுத்திய ஸ்வரத்துக்கு இரண்டு ஸ்தாயி மேலே. வில்லின் மரத்தால் தந்தியைத் தட்டச் சொல்லும் 'கோல் லேன்யோ' எழுதினால், விலை உயர்ந்த வில் வைத்திருப்பவர் முகம் சுளிப்பார். சிலர் அதற்கென்றே இரண்டாவது வில் கொண்டுவருவார்கள்.

விளைவுகளை மசாலாத் தூவலாக எழுதிய படைப்புகள் எனக்கு அலுத்துவிட்டன. பார்டோக் 1928-இல் எழுதிய நான்காம் குவார்டெட்டைப் பாருங்கள். ஐந்து பகுதிகளில் இரண்டாவது முழுவதும் மியூட்டோடு, நான்காவது முழுவதும் பிட்சிகாட்டோவில். ஒரு விளைவே ஒரு பகுதியின் வீடாகிவிடுகிறது. அல்லது ஸ்மெதனாவின் 1876 குவார்டெட். குதூகலமாகப் போய்க்கொண்டிருக்கும் கடைசிப் பகுதி சட்டென்று நிற்கிறது. கீழே மற்றவர்களின் நடுக்கத்துக்கு மேலே முதல் வயலின் மிக உயர்ந்த 'ஈ' ஒன்றைப் பிடித்து நிற்கிறது. செவித்திறனை இழப்பதற்கு முன் அவர் காதில் ஓயாமல் ஒலித்த இரைச்சல் அது. அதற்கு ஒரே ஒரு ஸ்வரம் போதுமானதாக இருந்தது.

நால்வரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

வேண்டாம். ஓய்வு கொடுங்கள். முதல் வயலினை இருபது பார் சும்மா இருக்கவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவந்தால் அந்த நுழைவே ஒரு நிகழ்ச்சி.

வியோலாவுக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நடுவில் நிரப்பினால் போதுமா?

இப்படி ஒரு சோதனை செய்யுங்கள். நால்வரின் வரிகளும் சேர்ந்த முழு ஸ்கோரையும் மூடிவிட்டு வியோலா வரியை மட்டும் தொடக்கம் முதல் இறுதி வரை பாடிப் பாருங்கள். நாலாவது நிமிடத்தில் உங்களுக்கே கொட்டாவி வந்தால், அதை வாரக்கணக்கில் பயிற்சி செய்யப் போகும் மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஓரிடத்தில் அவர் சொல்வதுதான் முக்கியம் என்று மற்ற மூவரும் தணிய வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால், மீதிப் பக்கங்களில் நிரப்பு வேலையைக்கூட மனதார வாசிப்பார். இதே சோதனையை இரண்டாம் வயலினுக்கும் செய்யுங்கள். அதுவும் பாவப்பட்ட ஜீவன்தான்.

எவ்வளவு நீளம் எழுதலாம்? எவ்வளவு காலம் ஆகும்?

வெபர்னின் ஆறு சிறு துண்டுகள் மொத்தமும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மார்டன் ஃபெல்ட்மன் 1983-இல் எழுதிய இரண்டாம் குவார்டெட்டை முழுதாக வாசிக்க ஆறு மணி நேரம்வரை ஆகலாம். இரண்டுக்கும் நடுவில் எட்டு நிமிடம் என்பது முதல் படைப்புக்கு நல்ல அளவு. மற்றவர்களின் நிகழ்ச்சி நிரலில் நுழையவும் வசதியானது.

காலம் என்று பார்த்தால், ஷோஸ்டகோவிச் எட்டாம் குவார்டெட்டை 1960 ஜூலையில் மூன்றே நாளில் எழுதினார். பிராம்ஸ் தன் முதல் இரண்டு குவார்டெட்டுகளை 1873-இல் வெளியிடும்போது அவருக்கு நாற்பது வயது. அதற்கு முன் இருபது குவார்டெட்டுகள்வரை எழுதிக் கிழித்துப் போட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் மூன்று நாளுக்கும் இருபது கிழிப்புக்கும் இடையில் எங்கோ இருப்பீர்கள்.

கணினியில் கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பலாமா?

ஸ்வரப் பிழை, தாளப் பிழை கண்டுபிடிக்க நம்பலாம். ஒலிச் சமநிலைக்கு நம்பாதீர்கள். கணினிக்கு வில் தீராது, விரல் வலிக்காது, பக்கம் திருப்ப வேண்டியதில்லை. வியோலாவின் ஒலியளவைச் சுட்டியால் உயர்த்திவிட்டு 'கேட்கிறதே' என்று திருப்திப்பட்டால், மேடையில் அந்தச் சுட்டி இருக்காது.

எந்த மென்பொருள் என்றும் கேட்பார்கள். மியூஸ்ஸ்கோர் இலவசம், ஒரு குவார்டெட்டுக்கு அதுவே போதும். சிபேலியஸ், டோரிகோ பழகியவர்கள் அதிலேயே இருக்கலாம். ஆனால் கோப்புகளை மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவிலும் பிடிஎஃப் வடிவிலும் தனியாகச் சேமித்து வையுங்கள். பல தலைமுறை இசையமைப்பாளர்கள் நம்பியிருந்த ஃபினாலே மென்பொருளின் மேம்பாடு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது.

ஒவ்வொருவருக்குமான தனிப் பார்ட்டுகள் தயாரிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பக்கம் திருப்பும் இடத்தை. வாசிப்பவருக்கு இரண்டு கைகளும் வேலையில் இருக்கும். வலது பக்கத்தின் கடைசி வரியில் ஓய்வு இல்லையென்றால் அவர் ஒரு பாரை விட்டுவிடுவார், அல்லது தாள் கீழே விழும். காலால் மிதித்துப் பக்கம் திருப்பும் டேப்லெட் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரிடமும் இருக்கும் என்று எண்ணி எழுதக் கூடாது.

பார் எண்ணை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் போடுங்கள். நால்வரும் சேர்ந்து தொடங்க வசதியான இடங்களில் ஒத்திகை எழுத்துகள் போடுங்கள். நீண்ட ஓய்வுக்குப் பிறகு வரும் நுழைவுக்கு முன்னால், அப்போது வேறொருவர் வாசிக்கும் மெட்டைச் சிறிய எழுத்தில் காட்டுங்கள். இருபத்து மூன்று பார் எண்ணிக்கொண்டிருக்கும் மனிதருக்கு அது கையைப் பிடித்து அழைத்துப் போவது போன்றது.

ஒத்திகைக்கு நான் போகலாமா? என்ன பேசுவது?

போங்கள். முதல் முறை வாசிக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ஸ்கோரில் பென்சிலால் குறித்துக்கொண்டே இருங்கள். இரண்டாவது முறையில் அவர்களே பாதியைச் சரிசெய்துவிடுவார்கள். மீதி உள்ளதில் பெரும்பாலானவை உங்கள் தவறாகத்தான் இருக்கும்.

"இங்கே இன்னும் சோகமாக" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு முன்பு வாசித்தபடியே வாசிப்பார்கள். "வில்லை விரல்பலகைப் பக்கம் கொண்டுபோங்கள், அதிர்வு வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள், அறையின் நிறமே மாறும். ஒரு பகுதி திரும்பத் திரும்பச் சரியாக வரவில்லையென்றால், "இதை எப்படி எழுதியிருந்தால் உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து எனக்குக் கிடைத்த திருத்தங்கள் எந்த வகுப்பிலும் கிடைக்கவில்லை. மேலே சொன்ன இருபத்து நான்கு விநாடிச் செல்லோ ஸ்வரத்துக்கும் தீர்வு அப்படித்தான் வந்தது. வியோலாக்காரர், "அதே ஸ்வரத்தை நானும் பிடிக்கிறேன், அவர் வில்லைத் திருப்பும்போது நான் திருப்பமாட்டேன்" என்றார். இப்போது ஆறு பாரும் தையல் தெரியாமல் ஓடுகின்றன.

மேடையேறிய பிறகும் திருத்தலாமா?

திருத்தலாம். 1826 மார்ச்சில் பேத்தோவனின் ஓபஸ் 130 முதன்முறை வாசிக்கப்பட்டபோது அதன் கடைசிப் பகுதி ஒரு ராட்சத ஃபியூக், ஒரே மெட்டை ஒவ்வொரு கருவியாக நுழைந்து பின்னும் வடிவம். கேட்டவர்கள் திகைத்தார்கள். பதிப்பாளர் தரப்பின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் வேறு ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார். ஃபியூக் ஓபஸ் 133 என்று தனியாக வெளிவந்தது. இன்று இரண்டு முடிவுகளையும் வாசிக்கிறார்கள்.

திருத்தினால் ஸ்கோரின் முதல் பக்கத்திலும் நான்கு பார்ட்டுகளிலும் தேதியைப் போடுங்கள், பழைய பார்ட்டுகளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நான் வாங்கவில்லை. இரண்டாவது நிகழ்ச்சியில் மூவர் புதிய முடிவை வாசித்தார்கள், இரண்டாம் வயலின் பழைய முடிவை. ஒன்பது பார் கழித்துத்தான் நால்வருக்கும் தெரிந்தது. அரங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்து வந்த ஒருவர், அந்த இடம்தான் தனக்கு மிகவும் பிடித்திருந்தது என்றார்.